பதினைந்தாம் தேதிப் பக்கம்

இரவு வானத்தில் இனம் தெரியாமல் மிதக்கும் வெளிச்சங்களை விசாரிக்க ராணுவம் ஒரு பிரிவை வைத்திருந்தது. அதன் வேலை நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஐந்தடித்ததும் மேஜர் தொப்பியை எடுப்பார், லெப்டினன்ட் ஜன்னலைச் சாத்துவான், இருட்டுவதற்குள் இரண்டு பேரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒருவர்கூட விசாரணைக்கென்று ராத்திரியில் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது கிடையாது. தலைமையகம் ஒரு தொலைநோக்கி அனுப்பியிருந்தது. அதை உறைகூடப் பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, மழைக்கோட்டு மாட்ட வைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் டைப்பிஸ்டம்மா. நாற்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், சீருடை இல்லாத ராணுவம். ஆறு மேஜர்களுக்குத் தட்டச்சு அடித்துக் கொடுத்து வழியனுப்பி வைத்தவள். இவர் ஏழாவது. இவருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் சைபர்.

காரணம் இருந்தது. மாதக் கடைசியில் தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் 'விளக்கம் கிடைக்காதவை' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் சைபர்தான். அதற்காக மேஜருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, வெயில் பட்டு எழுத்து மங்கிவிடக் கூடாது என்று திரை வேறு தைத்துப் போட்டிருந்தார்.

சைபர் வாங்குவது ஒன்றும் பிரமாதமில்லை. விளக்கங்களுக்கு எண்கள் இருந்தன. வானிலை பலூன் என்றால் ஒன்று, விமானம் என்றால் இரண்டு. அப்படியே கிரகம், எரிகல், தேடுவிளக்கு, பறவைக் கூட்டம் என்று போய், ஏழு என்றால் 'நமது ராணுவத்தின் சோதனை'. எட்டு என்றால் 'பார்த்தவரின் குறை'. முதல் ஏழும் பொருந்தாவிட்டால் எட்டு தானாகப் பொருந்திவிடும். எனவே விளக்கம் கிடைக்காத வெளிச்சம் என்று ஒன்று இருக்க வழியே இல்லை. எட்டு விழுந்த கோப்பின் பிரதி ஒன்று, பொதுப் பாதுகாப்பை முன்னிட்டு, பார்த்தவர் வேலை செய்யும் இடத்துக்குப் போகும். ஏழு மட்டும் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. "நம்ம ஆளுங்க அவ்வளவு ஒழுங்கு," என்று மேஜர் அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

டைப்பிஸ்டம்மாவுக்கு இவர்கள் மேல் இளக்காரம். உள்ளதைச் சொன்னால், வெளிச்சம் பார்த்தவர்கள் மேலும் இளக்காரம்தான். ஒரு லாரி டிரைவர், ஒரு நர்ஸ், கிடங்குத் தெருக் காவல்காரர் ஒருவர், ராத்திரிப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்று அவள் விரல் வழியாகப் பல பேர் போயிருந்தார்கள். 'இருட்டினா போர்த்திக்கிட்டுத் தூங்க வேண்டியதுதானே, இதுங்களுக்கு ஆகாசத்துல என்ன வேலை' என்று முணுமுணுத்துக்கொண்டே சொன்ன எண்ணைத் தட்டுவாள். இப்படி நாற்பத்தாறு கோப்பு முடிந்தது. நாற்பத்தேழாவது கோப்பைப் பிரித்தவுடன் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருந்த எழுத்து அவள் தம்பியுடையது.

தம்பி துறைமுகத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவன். எந்நேரமும் எண்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் கூட்டாளிகள் அவனை உச்சாணி என்று கூப்பிடுவார்கள். துறைமுகம் நகலெடுத்து அனுப்பியிருந்த கிரேன் குறிப்பேட்டுப் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பதினான்காம் தேதி இரவு 8.40. மேற்கே, தண்ணீருக்கு மேல், மூன்று வெளிச்சம், ஒன்றின் கீழ் ஒன்றாக. லேசாக ஆடின. பதினோரு நிமிடம் கழித்துச் சேர்ந்தாற்போல் இறங்கின. அது வரை சுமை தூக்குவதை நிறுத்தி வைத்தேன்.'

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவனைப் பிடித்தாள். ஒரே வீடு, கீழே தம்பி குடும்பம், மாடி அறையில் அவள்.

"டேய், உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?"

"எதைச் சொல்ற?"

"மூணு வெளிச்சம்."

அவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "உங்க ஆபீசுக்கா வந்துச்சு? அப்ப எனக்கு நீதான் மார்க் போடப் போறியாக்கா?"

"சிரிக்காத. எட்டு போட்டாங்கன்னா பிரதி நேரா உன் துறைமுகத்துக்குப் போகும். கண்ணுல கோளாறா, புத்தியில கோளாறான்னு அங்க யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. லைசென்சை வாங்கி மேஜைக்குள்ள போட்டுப் பூட்டிடுவாங்க. அப்புறம் நீ தரையிலதான் உச்சாணி."

"கண்ணுன்னா நான் சாட்சி சொல்ல முடியாது அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "போன வாரம் சட்டைப் பையில சாவியை வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடினாரு."

"அது கண்ணு இல்ல, மறதி," என்றான் தம்பி. "வேலையைப் பதினோரு நிமிஷம் நிறுத்தினா காரணம் எழுதணும்கா. அது விதி."

"ஒண்ணுக்குப் போனேன்னு எழுதியிருக்கலாமே?"

"எண்பது மீட்டர் மேலயிருந்தா?"

தம்பி மனைவிக்குப் புரையேறிவிட்டது. டைப்பிஸ்டம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, வெயில் சுள்ளென்று அடிக்கையில், லெப்டினன்ட் இரவு வெளிச்சம் தெரிந்த இடத்தைப் பார்வையிடப் போனான். கழுத்தில் எப்போதும் பைனாகுலர். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டான். அதன் ஒரு கண்ணாடியில் எந்தக் காலத்துச் சோற்றுப் பருக்கையோ ஒட்டிக்கொண்டிருந்தது. வாக்குமூலம் எழுத டைப்பிஸ்டம்மாவையும் கூட்டிப்போனான். அவள் தம்பியை முன்பின் பார்த்திராதவள்போல நின்றாள். தம்பி கையைக் கூப்பி, "வணக்கம் மேடம்," என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சம்பவ இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று லெப்டினன்ட் விறைப்பாகச் சொல்லிவிட்டு கிரேன் ஏணியில் ஏற ஆரம்பித்தான். முதல் தட்டு வரை வேகமாகப் போனான். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கீழே பார்க்காமலே, "இங்கயிருந்தே கோணம் நல்லா தெரியுது," என்று குரல் கொடுத்தான்.

"சார், அங்கயிருந்து பார்த்தா எங்க கேண்டீன் சுவர்தான் தெரியும்," என்றான் தம்பி.

இறங்கி வந்தவனின் முகம் வெளுத்திருந்தது. பணியாளர் ஓய்வறையில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, படிவத்திலுள்ள கேள்விகளை வரிசையாகப் படித்தான்.

"பொருள் சத்தம் போட்டுதா?"

"இல்ல."

"வாசனை ஏதாவது வந்துதா?"

"துறைமுகம் சார். மீன் வாசனைதான் வந்துச்சு. அது தினமும் வரும்."

"மீன் வாசனைன்னு எழுதிக்குங்கம்மா," என்றான் லெப்டினன்ட். "அதுக்கு முன்னாடி நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"பசி," என்று சொல்லி, அதை அவனே கோடிட்டுக்கொண்டான்.

"சார், முக்கியமான ஒண்ணை நீங்க கேக்கவே இல்ல," என்றான் தம்பி. "அது மிதக்கல. தொங்கிச்சு. காத்து அடிச்சப்ப அடியில இருந்தது அதிகமா ஆடுச்சு, மேல இருந்தது கம்மியா ஆடுச்சு. கயித்துல கட்டினது மட்டும்தான் அப்படி ஆடும். நான் நாள் பூரா கயித்துல தொங்கறதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

லெப்டினன்ட் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். "கயித்துக்குக் கட்டம் இல்லையே," என்று மூடி வைத்தான்.

அலுவலகம் திரும்பியதும் சோதனை நடந்தது. ராணுவம் வானத்தில் ஏற்றி இறக்கும் சகலத்துக்கும் பதிவேடு உண்டு. ஒவ்வொரு பிரிவும் வாரம் ஒரு நகல் அனுப்பிவிடும். ஆனால் பதிவேடுகள் எல்லாம் தலைமையக நேரத்தில்தான் எழுதப்படும். தலைமையகம் வெகுதூரத்தில், கிழக்கே இருந்தது. அங்கே கடிகாரம் ஐந்து மணி நேரம் முன்னால் ஓடியது. அதனால் லெப்டினன்டின் மேஜைக்கு மேலே மேஜர் தன் கைப்பட எழுதி ஒட்டிய அட்டை ஒன்று: 'ஐந்து கூட்டு'. லெப்டினன்ட் எட்டு நாற்பதோடு ஐந்தைக் கூட்டினான். ஒன்று நாற்பது வந்தது. பதினான்காம் தேதிப் பக்கத்தை எடுத்து ஒன்று நாற்பதுக்கு நேராக விரலை வைத்தான். ஒன்றுமில்லை.

"எட்டு," என்றான் கொட்டாவியோடு. "லைசென்ஸ்காரன், அதனால அவன் வேலை செய்யற இடத்துலயே கடைசி விசாரணை வைக்கணும். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணின்னு கடிதம் அடிச்சிடுங்கம்மா."

அவள் அடித்தாள். அடித்துவிட்டுத் தம்பி சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சாவியைத் தொலைப்பான், பிறந்தநாளை மறப்பான், ஆனால் கயிற்றைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேச மாட்டான். ராணுவத்தில் கயிறு கட்டி எதையாவது மேலே ஏற்றுகிறவர்கள் யார் என்று யோசித்தாள். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய ஜன்னலுக்கு எதிர்க் கட்டிடத்தின் வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: விளக்குச் சோதனைப் பிரிவு. இடையில் ஒரு சைக்கிள் கொட்டகைதான். இரண்டு வருஷமாக அந்தக் கொட்டகையைத் தாண்டி ஒருவரும் போய் எதையும் கேட்டதில்லை.

தபால் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சார்ஜென்ட் மேஜை மேல் காலை நீட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் காலை இறக்கினார்.

"நீங்க கயித்துல எதையாவது தொங்கவிடறது உண்டா?"

"அதுதாம்மா எங்க பொழப்பே. பலூனைக் கயித்துல கட்டி மேல விடுவோம், அதுல விளக்கை வரிசையா தொங்கவிடுவோம், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் நின்னு எத்தனை தூரம் தெரியுதுன்னு பார்ப்போம். எதுக்குக் கேக்கறீங்க?"

"பதினாலாம் தேதி விட்டீங்களா?"

அவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். "இல்லையே. பதினஞ்சுதான். மூணு விளக்கு. ஒண்ணு நாப்பதுக்கு ஏத்தினது, ஒண்ணு அம்பத்தொண்ணுக்கு இறக்கினது."

பதினோரு நிமிடம். டைப்பிஸ்டம்மா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அர்த்த ராத்திரியிலயா?"

"எந்தப் பைத்தியக்காரன் அர்த்த ராத்திரியில வருவான்? சோதனை உள்ள நாள்ல சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து ஒம்பது மணிக்குக் கிளம்பிடுவோம். புத்தகத்துல தலைமையக நேரம்தானே எழுதணும்? நமக்கு பதினாலாம் தேதி ராத்திரி எட்டு நாப்பதுன்னா, அவங்களுக்கு பதினஞ்சாம் தேதி பிறந்து ஒண்ணு நாப்பது."

அவள் சைக்கிள் கொட்டகைக்கு வந்ததும் நின்றாள். இது உண்மையாகவே இவ்வளவு மடத்தனமாக இருக்க முடியுமா, தான்தான் எங்கோ தப்பாகக் கணக்குப் போடுகிறோமா என்று சந்தேகம் வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மணியைக் கூட்டினார்கள், சரி. நள்ளிரவைத் தாண்டினால் தேதியும் மாறும் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். மறுபடியும் எண்ணினாள். அதேதான் வந்தது. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் காலை ஒன்பதுக்கு ஐந்து கூட்டினாலும், மாலை ஐந்துக்கு ஐந்து கூட்டினாலும் தேதி மாறாது. ஆகவே அட்டை அவர்களுக்கு என்றைக்கும் சரியாகவே இருந்தது. மாலை ஏழுக்கு மேல் நடப்பதற்குத்தான் பக்கம் புரட்ட வேண்டும். அந்தப் பிரிவோ மாலை ஏழுக்கு மேல் நடப்பதற்காக மட்டுமே ஏற்படுத்தப்பட்ட பிரிவு.

அன்றைய சாப்பாட்டு வேளையில் அவள் சாப்பிடவில்லை. மற்ற இருவரும் போனபின், முடிந்த நாற்பத்தாறு கோப்புகளையும் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தாள். முப்பத்தொன்று அச்சு அசலாகப் பொருந்தின. அத்தனையும் எதிர்க் கட்டிடத்து விளக்குகள். எட்டு விழுந்தவை மொத்தம் பன்னிரண்டு. அதில் பத்து இந்த முப்பத்தொன்றில் இருந்தன. லாரி டிரைவர் இருந்தார். நர்ஸ் இருந்தாள். காவல்காரர் இருந்தார். ஒவ்வொரு கோப்பின் அடியிலும் அவளுடைய சுருக்கொப்பம், தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில்.

மேஜர் வந்ததும் பதிவேட்டோடு உள்ளே போனாள்.

"சார், ஒரு பக்கம் தள்ளிப் பார்த்திருக்கணும்."

முப்பத்தொரு கோப்பும் பத்துப் பேரும் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். மேஜர் கதவுக்கு வெளியே தெரிந்த அட்டையை ஒரு தரம் பார்த்தார். அவருடைய கையெழுத்து வெகு அழகாக இருந்தது.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நாப்பத்தாறு முடிஞ்சப்ப வராத சந்தேகம், நாப்பத்தேழுல மட்டும் எப்படிம்மா வந்துச்சு? அந்தக் கிரேன்காரன் உங்களுக்கு யாரு?"

"கூடப் பிறந்தவன்."

"அதானே பார்த்தேன்!" மேஜர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. பிடி கிடைத்துவிட்டால் அவருக்கு எப்போதுமே குரல் கனிந்துவிடும். "முதல்லயே சொல்லியிருக்கலாமே. ஒண்ணு போட்டுடுவோம். வானிலை பலூன். தம்பி ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டா கோப்பு முடிஞ்சுது, லைசென்சும் தப்பிச்சுது."

"மத்த பத்து பேரு?"

"முடிஞ்ச கோப்பு முடிஞ்சதுதான். முப்பத்தோரு இடத்துல ஏழு போட்டா, ரெண்டு வருஷமா நம்மளை நாமளே விசாரிச்சுக்கிட்டு இருந்தோம்னு ஆயிடும்."

"அப்படித்தானே சார் இருந்தோம்?"

மேஜர் அதைக் காதில் வாங்காதவர்போலப் பேனாவை மூடினார். "ரகசியக் காப்பு உறுதிமொழியில உங்க கையெழுத்து இருக்கு. வெளியில ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்."

அவள் சரி என்றாள். வெளியே வந்து, தம்பியின் பெயருக்கு நேரே ஒன்று என்று அடித்தாள். தன்மேலேயே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. அதைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தம்பி ஒப்புதல் படிவத்தை இரண்டு தரம் படித்தான்.

"வானிலை பலூன்னா கட்டியிருக்காதுக்கா. மேல போயிட்டே இருக்கும். இது இறங்கிச்சு."

"இறங்கினா இறங்கிட்டுப் போகுது. போடுடா கையெழுத்தை."

"கயித்துல தொங்கினதுன்னு அடிச்சுக் கொண்டா, போடறேன்."

"உனக்குக் கிறுக்கா? இதை வாங்கறதுக்கு அந்த மனுஷன் முன்னாடி நான் எப்படி நின்னேன் தெரியுமா?" என்று ஆரம்பித்து, ரகசியக் காப்பு வாசற்படியோடு போக, ஒரு பக்கம் தள்ளிய கதை முழுவதையும் கொட்டிவிட்டாள்.

அவன் கோபப்படவில்லை. படிவத்தை மடித்து அவள் பக்கம் தள்ளினான். "நான் தினம் முப்பது டன்னைக் கயித்துல தொங்கவிடறவன். தொங்கினதை மிதந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டு, மறுநாள் மேல உக்காந்துக்கிட்டு 'சுமை நேரா இருக்கு, வா'ன்னு சொன்னா, கீழ நிக்கிறவன் எதை நம்பி வந்து நிப்பான்?"

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"போடலைன்னா எட்டுடா!"

"போடட்டும்."

"ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்த பிடிவாதம்," என்றாள் தம்பி மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "லைசென்ஸ் போச்சுன்னா துறைமுகத்துல இவருக்கு மூட்டை எண்ணற வேலைகூடக் கிடைக்காது அண்ணி."

தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். "அந்தக் கிடங்குக் காவல்காரர் என்ன ஆனாரு?"

"தெரியாது."

"நர்ஸ்?"

"டேய், நான் டைப் அடிக்கிறவ. பிரதி போயிடுச்சுன்னா அதோட சரி."

அவன் எழுந்து கை கழுவப் போனான். திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியின் அறையில் கடைசி விசாரணை. அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். மேஜையில் தலைக்கவசம், அதற்குள் கசக்கிப் போட்ட காகிதக் கைக்குட்டைகள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற முகம். டைப்பிஸ்டம்மா ஓரத்தில் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு நடவடிக்கைக் குறிப்பு அடித்தாள்.

மேஜர் பிரசங்கம் மாதிரி பேசினார். பிரிவின் சாதனை, அறிவியல் முறை, இரண்டு வருஷமாக ஒரு கோப்புகூட விளக்கமின்றி நிற்காதது எல்லாம் வந்தன. சலுகையாகச் சொன்ன விளக்கத்தைக்கூட இந்த நபர் ஏற்க மறுக்கிறார் என்று வருத்தத்தோடு முடித்தார்.

"நீ என்னதான்யா பார்த்த?" என்றார் அதிகாரி தும்மிவிட்டு.

"கயித்துல தொங்கின மூணு விளக்கு சார்."

அதிகாரி நிமிர்ந்தார். இருபது வருஷம் கிரேன்களோடு மாரடித்தவர். கயிறு என்றால் அவருக்குப் புரியும். மேஜர் பக்கம் திரும்பினார். "உங்களோடது ஏதாவது அன்னிக்கு மேல இருந்துச்சா?"

"பதினாலாம் தேதிப் பக்கத்தில் எங்களுடையது எதுவும் இல்லை," என்றார் மேஜர். அது உண்மைதான். அவரே பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். அதே பக்கத்தைத் திறந்து, அதிகாரிக்கு நேராகத் திருப்பி வைத்தார். "நீங்களே பாருங்கள்."

அதிகாரி பார்த்தார். பெருமூச்சு விட்டார். கையை நீட்டினார். தம்பி சட்டைப் பையிலிருந்து லைசென்சை எடுத்து, ஓரம் மடங்கியிருந்ததைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, மேஜை மேல் வைத்தான்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. டைப்பிஸ்டம்மா எழுந்து வந்தாள். வெளியில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்றுதான் உறுதி கொடுத்திருந்தாள். பேசவில்லை. புத்தகத்தை மேஜையில் வைத்தது மேஜர். அவள் ஒரு தாளைப் புரட்டினாள், அவ்வளவுதான். புரட்டிவிட்டு, ஒன்று நாற்பது என்ற வரியில் விரலை வைத்தபடி நின்றாள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "மூன்று விளக்கு. கயிற்று பலூன். ஒன்று நாற்பது ஏற்றம், ஒன்று ஐம்பத்தொன்று இறக்கம்." தம்பியின் குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, மேஜருக்குப் பின்னால் நின்றிருந்த லெப்டினன்டைப் பார்த்தார். "இந்தப் புத்தகத்துல தலைமையக நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சு கூட்டணும்னு போட்டிருக்கு. யாரு கூட்டறது?"

"நான்தான் சார்," என்றான் லெப்டினன்ட். மேஜர் கண்ணைக் காட்டியது அவனுக்குப் புரியவில்லை. "ஆனா நாங்க மணியை மட்டும்தான் கூட்டுவோம்."

"ஏன், ராத்திரி பன்னெண்டு அடிச்சப்புறமும் உங்க ஆபீஸ்ல பழைய தேதியே ஓடுமா?"

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிரேன்காரர்கள் ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை. மேஜரின் காது மடல் சிவந்தது. "இது உள்நிர்வாக விஷயம்," என்று ஆரம்பித்தார்.

"என் ஆளோட லைசென்ஸ் உங்க உள்நிர்வாகம் இல்ல," என்று அதிகாரி லைசென்சைத் தம்பியிடம் தள்ளினார். "ரெண்டு மணி ஷிப்டுக்கு ஏறிடு. போ." தும்மினார். "பதினோரு நிமிஷம் சுமையை நிறுத்தி வெச்சது சரி. அதையும் எழுதிக்குங்கம்மா."

அவள் எழுதிக்கொண்டாள். இதே தப்பால் எட்டு விழுந்த மற்ற பத்துப் பேரையும் குறிப்பின் அடியில் ஒவ்வொரு வரியாக அடித்தாள். துறைமுக அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி, வழக்கப்படி, தலைமையகத்துக்குப் போயிற்று.

தலைமையகம் மேஜரைத் தூக்கி அடிக்கும் என்று டைப்பிஸ்டம்மா எதிர்பார்த்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் கழித்தும் இப்படி எதிர்பார்த்தது அவளுடைய அசட்டுத்தனம். மேஜர் முந்திக்கொண்டார். தம்முடைய பிரிவு இடைவிடாத சுயபரிசோதனையால் ஒரு நுட்பமான கால வேறுபாட்டைக் கண்டுபிடித்திருப்பதாக நாலு பக்கம் எழுதி அனுப்பினார். முப்பத்தொரு கோப்புகளுக்கும் ஏழு போடவில்லை. ஒன்பது என்று புதிதாக ஓர் எண்ணை உண்டாக்கினார்: 'தேதி வேறுபாடு'. மாதக் கடைசி அறிக்கையில் சைபர் அசையாமல் இருந்தது. இரண்டாவது பாராட்டுக் கடிதம் வந்தது. ஆணி அடிக்க லெப்டினன்ட் ஸ்டூல் மேல் ஏறினான். அந்த உயரம்தான் அவனுக்குத் தோது.

பத்துப் பேருக்கும் கடிதம் போயாக வேண்டும் என்று மட்டும் தலைமையகம் கேட்டிருந்தது. மேஜர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள். 'தங்கள் கோப்பு ஒன்பதாம் எண்ணின்கீழ் மறுவகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்.' அவ்வளவுதான்.

அவள் தாளைச் செருகினாள். 'நீங்கள் பார்த்தது எங்கள் விளக்கு. உங்கள் கண்ணிலும் புத்தியிலும் குறை இல்லை. தவறு எங்களுடையது. இந்தக் கடிதத்தை உங்கள் வேலையிடத்தில் காட்டலாம்' என்று பத்துத் தரம் அடித்தாள். ஒவ்வொன்றாக நீட்டினாள். மேஜர் புதிய பாராட்டுக் கடிதத்தின் கண்ணாடிச் சட்டம் கோணலாக இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தபடியே பத்திலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

பத்தில் மூன்று, முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. அவற்றைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அவள் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஐந்தடித்ததும் கிடங்குத் தெருவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

கிடங்கு வாசலில் வேறொரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். அவள் கடித உறையைக் காட்டி, முன்பு இங்கே இருந்தவர் இப்போது எங்கே என்று கேட்டாள்.

"அவரை அனுப்பிட்டாங்களேம்மா. தலை சரியில்லன்னு ஏதோ ராணுவக் காகிதம் வந்துச்சாம்." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"உறவு ஒண்ணும் இல்ல," என்றாள். "அந்தக் காகிதத்தை டைப் அடிச்சவ. அவரு வீடு எங்கன்னு சொல்லுங்க."